செவிலியர் தலைமையும் சான்றின் வலிமையும்

சிம்மக்கல்லிலிருந்து யானைக்கல் வழியாக வைகையைக் கடந்தால் சில நிமிடங்களில் கோரிப்பாளையம் வந்துவிடும். அங்குள்ள அரசு ராஜாஜி மருத்துவமனையை என் தலைமுறையினர் இன்றும் 'எர்ஸ்கின் ஆஸ்பத்திரி' என்றே சொல்வார்கள். கிராமத்து மக்களுக்கு அது 'பெரியாஸ்பத்திரி'. மதுரை மட்டுமன்றி தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்றியுள்ள மாவட்டங்களின் நோயாளிகளுக்கும் கடைசி நம்பிக்கை அதுதான்.

நோயாளியைப் பார்க்கச் செல்பவர்கள் முதலில் கேட்பது, 'டாக்டர் என்ன சொன்னார்?' என்பதே. மருத்துவர் காலையில் வந்து பார்க்கிறார். தேவைப்பட்டால் மாலையிலும் வருகிறார். எஞ்சிய நேரம் முழுவதும் நோயாளியின் அருகில் இருப்பவர் செவிலியர்தான். இதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கும்போது நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிலிருந்து கவனிப்பவரையும் சமமாக வைத்து எண்ணுகிறது.

அவ்வாறு கவனிக்கும் செவிலியர்களை வழிநடத்துபவரைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. வார்டில் அவரை 'இன்சார்ஜ் சிஸ்டர்' என்கிறோம். அவருக்கு மேலே செவிலியர் கண்காணிப்பாளர் இருக்கிறார். இன்றிரவு எத்தனை செவிலியர் பணியில் இருக்க வேண்டும், புதிதாக வந்த செவிலியரை எந்தப் பகுதிக்கு அனுப்புவது, எந்த நோயாளியின் கட்டிலைச் செவிலியர் மேசைக்கு அருகில் மாற்றுவது, ஆக்சிஜன் சிலிண்டரும் விரிப்பும் மருந்தும் எவ்வளவு கேட்டு எழுதுவது, எந்த நேரத்தில் மருத்துவரை எழுப்புவது என நாளொன்றுக்குப் பல முடிவுகளை அவர் எடுக்கிறார். இவற்றில் எதுவும் செய்தியாவதில்லை. ஆனால், ஒரு நோயாளி நலமுடன் வீடு திரும்புவது பெரும்பாலும் இத்தகைய சிறு முடிவுகளையே சார்ந்திருக்கிறது.

அந்த முடிவுகள் எதன் அடிப்படையில் எடுக்கப்படுகின்றன? பழக்கத்தின் அடிப்படையிலா, மேலிடத்து உத்தரவின் அடிப்படையிலா, சான்றின் அடிப்படையிலா?

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து, தனியார் மருத்துவமனை ஒன்றில் பத்து நாள்கள் தங்க நேர்ந்தது. அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பார். நான் பொருளாதாரம் கற்பித்தவன் என்று அறிந்ததும் ஒருநாள் அதைக் காட்டினார். வார்டில் நோயாளிகள் வழுக்கி விழுந்த தேதி, நேரம், இடம், அப்போது பணியில் இருந்தவர் எண்ணிக்கை ஆகியவற்றை ஓராண்டாகக் குறித்துவந்திருந்தார். பெரும்பாலான நிகழ்வுகள் அதிகாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், கழிப்பறைக்குச் செல்லும் வழியில் நடந்திருந்தன. அதே நேரத்தில்தான் இரவுப் பணியிலிருந்த இரண்டு செவிலியரும் இரத்த மாதிரி எடுப்பதிலும் உடல் வெப்பம் பார்ப்பதிலும் மூழ்கியிருப்பார்கள்.

'இரத்தம் எடுக்கும் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் போதும் சார். ஆய்வகத்தின் நேரத்தை மாற்ற முடியாது என்கிறார்கள்' என்றார். தன் அதிகாரத்துக்கு உட்பட்டதை அவர் செய்திருந்தார்: அதிகாலை நான்கு மணிக்கு முன்னரே ஒவ்வொரு முதிய நோயாளியிடமும் சென்று கழிப்பறை செல்ல வேண்டுமா என்று கேட்டு அழைத்துச் செல்லும் வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். அதன்பின் விழுவோர் எண்ணிக்கை குறைந்ததையும் அந்த நோட்டே சொன்னது. ஆனால், நிர்வாகத்தில் எவரும் அந்த நோட்டைக் கேட்டுப் பார்த்ததில்லை.

சான்றின் அடிப்படையிலான தலைமை என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது. அது மூன்று கூறுகளைக் கொண்டது. முதலாவது, உலகெங்கும் நடந்த தரமான ஆய்வுகளின் முடிவு. இரண்டாவது, தன் வார்டிலேயே திரட்டிய தரவு. மூன்றாவது, பட்டறிவும் நோயாளியின் விருப்பமும். இவற்றில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டால் முடிவு பிழையாகலாம். வெளிநாட்டு ஆய்வு நம் வார்டுக்குப் பொருந்தாமல் போகலாம்; நம் தரவு மிகச் சிறியதாக இருக்கலாம்; அனுபவம் வெறும் பழக்கமாக இறுகிப்போயிருக்கலாம். மூன்றையும் சேர்த்து நிறுத்துப் பார்ப்பதே தலைமைப் பண்பு.

இந்தச் சிந்தனை செவிலியர் துறைக்குப் புதிதன்று. நவீன செவிலியத்தின் முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை 'விளக்கேந்திய சீமாட்டி' என்று பாடநூல்களில் படித்திருக்கிறோம். அவர் மிகச் சிறந்த புள்ளியியலாளர் என்பதை நம் பாடநூல்கள் போதிய அளவு சொல்லவில்லை. கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் 38 செவிலியருடன் அவர் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். அவர் சென்ற பின்னும் மரணங்கள் குறையவில்லை. அந்தக் குளிர்காலத்தில் மேலும் பெருகின. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைத் தூர்வாரி, குடிநீரையும் காற்றோட்டத்தையும் சீர்செய்த பின்னரே இறப்பு விகிதம் வெகுவாகச் சரிந்தது.

போரின்போது, பசியும் களைப்பும் காலங்கடந்த சிகிச்சையுமே மரணங்களுக்குக் காரணம் என்று நைட்டிங்கேல் நம்பினார். நாடு திரும்பிய பின், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளருடன் அமர்ந்து எண்களை ஆராய்ந்தபோதுதான், கொன்றது மருத்துவமனையின் அசுத்தமே என்று அவருக்குப் புலப்பட்டது. தாம் பொறுப்பேற்றிருந்த இடமே மிக மோசமானதாக இருந்தது என்ற கசப்பான உண்மையை அவர் மறைக்கவில்லை. வட்ட வரைபடங்களாக வரைந்து, நாடாளுமன்றத்தினர் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும்படி வெளியிட்டார். லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்திராத அவர், இங்குள்ள படை முகாம்களிலிருந்து வந்த பதில்களை ஆராய்ந்து, 1863-இல் வெளியான இந்திய ராணுவச் சுகாதார ஆணைய அறிக்கைக்குப் பெரும் பங்களித்தார். சான்று தன் கருத்துக்கு எதிராக நின்றபோது கருத்தை மாற்றிக்கொண்டதே அவரது பெருமை. விளக்கைவிட அந்த நேர்மைதான் நாம் பின்பற்ற வேண்டியது.

இன்று ஆய்வுச் சான்றுகளுக்குக் குறைவில்லை. அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் என்ற செவிலியப் பேராசிரியர் தலைமையில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டது. நான்கு நோயாளிகளுக்கு ஒருவர் என்ற நிலை எட்டு நோயாளிகளுக்கு ஒருவர் என்றானால், அந்த வாய்ப்பு 31 சதவீதம் உயரும். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு, 2014-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தது. பட்டம் பெற்ற செவிலியர் விகிதம் உயர்ந்த இடங்களில் இறப்பு குறைந்திருந்ததையும் அது காட்டியது.

இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, இதனால்தான் இது நிகழ்ந்தது என்று நிறுவவில்லை என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான கேள்விதான். அதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் ஓரளவு விடையளிக்கிறது. அங்கு 2016-இல் 27 அரசு மருத்துவமனைகளில் குறைந்தபட்சச் செவிலியர் விகிதம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. 28 மருத்துவமனைகளில் அது நடைமுறைக்கு வரவில்லை. இரண்டையும், முன்பும் பின்பும் ஒப்பிட்டு 2021-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு, விகிதம் நடைமுறைக்கு வந்த இடங்களில் இறப்பும், மீண்டும் அனுமதிக்கப்படுவதும், தங்கும் நாள்களும் குறைந்ததைக் காட்டியது. பொருளாதாரம் படித்தவனாக என்னை மிகவும் கவர்ந்தது அதிலுள்ள இன்னொரு கணக்கு. கூடுதல் செவிலியருக்கு ஆன செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான தொகை, தங்கும் நாள்களும் மறு அனுமதிகளும் குறைந்ததால் மிச்சமாயிற்று.

இங்கேதான் நம் நிதிநிலைக் கணக்கின் பெருங்குறை ஒன்று வெளிப்படுகிறது. ஒரு செவிலியரின் ஊதியம் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாகத் தெரிகிறது. அதைக் குறைத்தால் சிக்கனம் என்று பாராட்டு கிடைக்கிறது. செவிலியர் இல்லாததால் உண்டான படுக்கைப் புண், தொற்று, கீழே விழுந்து முறிந்த எலும்பு, கூடுதலாகத் தங்கிய ஐந்து நாள்கள், கூலி வேலையை விட்டுத் துணைக்கு இருந்த மகனின் இழந்த வருமானம் ஆகியவை எந்தக் கணக்குத் தலைப்பிலும் தெரிவதில்லை. அவை மருந்துச் செலவிலும், குடும்பத்தின் கடனிலும், அடகுக் கடையிலும் சிதறிக் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் செலவைக் குறைப்பதற்காகத் தெரியாத செலவைப் பெருக்குவது சிக்கனம் ஆகாது. அந்தத் தெரியாத செலவைத் தெரியும்படி செய்யக்கூடியவர் வார்டில் நோட்டுடன் நிற்கும் அந்த இன்சார்ஜ் சிஸ்டர்தான்.

மதுரை இந்தப் பாடத்தை உலகுக்கே சொல்லிக்கொடுத்த ஊர். மதுரை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் அண்ணாநகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் வெற்றிக்குக் காரணம் அறுவை மருத்துவர்களின் கைத்திறன் மட்டுமன்று. கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டுப் பயிற்சியளித்து, கண் பரிசோதனை முதல் அறுவை அரங்கு வரை பொறுப்புகளை ஒப்படைத்த முறையே அதன் முதுகெலும்பு. அவர்கள் பதிவுபெற்ற செவிலியர் அல்லர். கண் சிகிச்சைக்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட உதவியாளர்கள். ஆயினும், பொறுப்பும் அளவீடும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர்கள் சாட்சி. ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவரை அவர்கள் ஆயத்தம் செய்துவிடுவதால் மருத்துவரின் நேரம் வீணாவதில்லை.

அங்கே எண்ணிக்கை சடங்குக்காக எடுக்கப்படுவதில்லை. கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் ஏற்படும் கடும் தொற்று மிக அரிதானது. வந்துவிட்டால் பார்வையைப் பறிக்கக் கூடியது. அறுவையின் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் செலுத்துவது பயன் தருமா என்ற கேள்விக்கு, அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த ஆறு லட்சத்துக்கும் அதிகமான அறுவைகளின் பதிவேடு விடையளித்தது. 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி, தொற்று விகிதம் 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது. பத்தாயிரம் பேரில் ஏழு பேருக்கு வந்தது இரண்டு பேருக்கானது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நோயாளியையும் பிசகாமல் பதிவு செய்யும் பழக்கம் இல்லாவிட்டால், இத்தகைய அரிய நிகழ்வைப் பற்றி எந்த முடிவுக்கும் வந்திருக்க முடியாது.

சான்று இருந்தால் மட்டும் போதாது, அதைச் செயல்படுத்தும் அதிகாரமும் வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த முயற்சி ஒன்று 2006-இல் வெளியானது. இரத்தக் குழாயில் செருகும் மையக் குழாயின் வழியே பரவும் தொற்றைத் தடுக்க, கை கழுவுதல், தோலைக் கிருமிநீக்கம் செய்தல், முழுப் பாதுகாப்பு உடை அணிதல் உள்ளிட்ட ஐந்து எளிய நெறிகளைக் கடைப்பிடித்தார்கள். அவற்றில் எதுவும் புதிதல்ல. மருத்துவர் ஒரு நெறியைத் தவறவிட்டால், அவசர நிலை அல்லாதபோது, அவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை செவிலியருக்கு வழங்கப்பட்டதுதான் புதுமை. பதினெட்டு மாதங்களில் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது. நம் வார்டுகளில் ஓர் இளம் செவிலியர் மூத்த மருத்துவரிடம், 'ஐயா, கையைக் கழுவவில்லை' என்று சொல்ல முடியுமா? சொன்னால், அவருக்குத் துணையாக நிற்க ஒரு கண்காணிப்பாளர் இருப்பாரா? சான்றின் அடிப்படையிலான தலைமை என்பது இந்தக் கேள்வியில்தான் சோதிக்கப்படுகிறது.

சான்று எப்போதும் நாம் விரும்பும் பதிலையே தரும் என்று எண்ணிவிடக் கூடாது. உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களைக் கொண்டு பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. பிரசவத்தின்போது கடைப்பிடிக்க வேண்டியவற்றின் சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்து, பயிற்சியாளர்கள் நேரில் சென்று ஊக்குவித்தனர். 2017-இல் வெளியான முடிவின்படி, செவிலியரின் செயல்முறைகள் தெளிவாக மேம்பட்டன; ஆனால், தாய் சேய் இறப்பிலும் கடும் பாதிப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பயிற்சியாளர்களின் வருகை நின்றபின் செயல்முறைகளிலும் தொய்வு ஏற்பட்டது. இது தோல்விச் செய்தி அன்று. பட்டியலை மட்டும் ஒட்டிவிட்டு, மருந்து, இரத்தம், மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வசதி, தொடர் மேற்பார்வை ஆகியவற்றை விட்டுவிட்டால் பயன் கிட்டாது என்ற பாடத்தை நமக்கு அது தருகிறது. சுவரில் ஒட்டிய சுற்றறிக்கைகளால் மட்டுமே மருத்துவமனையை நடத்த முடியாது.

எண்களைப் படிப்பதிலும் பயிற்சி வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு மாதத்தில் 'அ' வார்டில் நான்கு பேரும், 'ஆ' வார்டில் மூன்று பேரும் கீழே விழுந்ததாகக் கொள்வோம். 'அ' வார்டுதான் மோசம் என்று தோன்றும். ஆனால், 'அ' வார்டில் 40 படுக்கைகள், 'ஆ' வார்டில் 20 படுக்கைகள் என்றால் கணக்கு மாறிவிடும். 30 நாள்களில் 'அ' வார்டின் நோயாளி நாள்கள் 1,200. 'ஆ' வார்டில் 600. ஆயிரம் நோயாளி நாள்களுக்கு 'அ' வார்டில் 3.3 பேரும், 'ஆ' வார்டில் 5 பேரும் விழுந்திருக்கிறார்கள். மோசமானது உண்மையில் 'ஆ' வார்டு. அங்கே முதியவர்கள் அதிகம் இருந்திருந்தால், அந்த முடிவையும் மறுபடி யோசிக்க வேண்டும். ஒரு மாத ஏற்றத்தாழ்வு வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆறு மாதப் போக்கைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இது உயர் கணிதமன்று. பள்ளி இறுதி வகுப்பு வரை படித்த எவருக்கும் ஒரு வாரத்தில் கற்பித்துவிடலாம். ஆனால், இதைத் தெரியாமல் வார்டுகளைத் தரவரிசைப்படுத்தினால் நல்ல செவிலியர் தண்டிக்கப்படுவார்.

தண்டனை பற்றிய அச்சமே சான்றின் முதல் எதிரி. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் இரண்டு மருத்துவமனைகளின் செவிலியர் பிரிவுகளில் மருந்து வழங்குவதில் ஏற்படும் பிழைகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. நல்ல தலைமை கொண்ட பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், பதிவான பிழைகள் அங்கேதான் அதிகம் இருந்தன. அங்கே பிழைகள் கூடுதலாக நடக்கவில்லை, அச்சமின்றிச் சொல்லப்பட்டன. மற்ற இடங்களில் அவை மறைக்கப்பட்டன. 'எங்கள் வார்டில் ஒரு தவறும் நடப்பதில்லை' என்று சொல்லும் அறிக்கையைப் பாராட்டுவதற்கு முன் நிர்வாகிகள் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

தமிழகத்துக்கு இது தெரியாத பாடம் அல்ல. 1990-களிலிருந்தே நம் மாநிலம் மகப்பேறு மரணங்களை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்யும் முறையை வளர்த்துவந்திருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகச் சென்று பதிவு செய்யும் கர்ப்பிணிகளின் விவரமும், ஒரு தாய் இறந்தால் எந்தக் கட்டத்தில் தாமதம் நேர்ந்தது என்று வினவும் ஆய்வும் இதன் இரு கண்கள். 2018-20 காலத்துக்கான மாதிரிப் பதிவு கணக்கெடுப்பின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு மகப்பேறு மரணம் நாட்டின் சராசரியாக 97 என்றிருக்க, தமிழகத்தில் 54 ஆக இருந்தது. இந்தச் சாதனைக்குப் பல காரணங்கள் உண்டு. செவிலியர் திரட்டிய தரவு அவற்றுள் ஒன்று. ஆனால், தணிக்கைக் கூட்டம் காரணத்தைத் தேடாமல் குற்றவாளியைத் தேடத் தொடங்கினால், அடுத்த முறை கிடைக்கும் தரவு உண்மையாக இருக்காது.

நம் செவிலியர் தலைமை இன்று எந்த நிலையில் இருக்கிறது? இந்தியாவில் முறையான செவிலியர் பயிற்சி 1871-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியதாக வரலாறு கூறுகிறது. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி செவிலியப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. இவ்வளவு நீண்ட மரபு இருந்தும், அரசு மருத்துவமனைகளில் கண்காணிப்பாளர் பதவி பெரும்பாலும் பணிமூப்பின் வழியே, ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருக்கும்போது கைக்கு வருகிறது. தலைமைப் பயிற்சியோ, தரவைப் படிக்கும் பயிற்சியோ பதவியுடன் சேர்ந்து வருவதில்லை. நாளின் பெரும்பகுதி பதிவேடுகளை நிரப்புவதிலும், விடுப்பு எடுத்தவருக்கு மாற்று ஆள் தேடுவதிலும் கழிகிறது. அந்தப் பதிவேடுகள் மேலே செல்கின்றன. பயன்தரும் தகவலாக மீண்டும் வார்டுக்குத் திரும்புவதில்லை.

எண்ணிக்கைப் பற்றாக்குறை இன்னொரு சுமை. கற்பித்தல் மருத்துவமனைகளில் மூன்று படுக்கைகளுக்கு ஒருவர், பிற மருத்துவமனைகளில் ஐந்து படுக்கைகளுக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவு. நம் அரசு மருத்துவமனையின் பொது வார்டில் ஓர் இரவு தங்கியவர்களுக்கு நடைமுறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது தெரியும். மருத்துவப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே 2015-இல் தேர்வான ஆயிரக்கணக்கான செவிலியர் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். பணி நிரந்தரம் கோரி 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராடியதை நாடே பார்த்தது. நாளை தன் வேலை நிலைக்குமா என்று அஞ்சும் ஒருவரிடம், 'இன்று நடந்த தவறை மறைக்காமல் எழுது' என்று எப்படிக் கேட்பது? பணிப் பாதுகாப்பு ஊழியர் நலன் மட்டும் அன்று. உண்மையான தரவுக்கும் அதுவே அடித்தளம்.

இந்நிலையை மாற்றப் பெருநிதி தேவையில்லை. முதலாவதாக, ஒவ்வொரு இன்சார்ஜ் செவிலியருக்கும் வாரத்தில் அரை நாளாவது தன் வார்டின் தரவை ஆராய்வதற்கென ஒதுக்க வேண்டும். எழுத்து வேலையைக் கவனிக்க எழுத்தர் ஒருவரைத் தர வேண்டும். இரண்டாவதாக, நூறு அளவீடுகளைக் கேட்பதை விட்டு ஐந்தே ஐந்தைத் தேர்ந்தெடுக்கலாம்: கீழே விழுதல், படுக்கைப் புண், ஊசிக் குழாய் வீக்கம், மருந்துப் பிழை, கை கழுவுதல். மூன்றாவதாக, பணிநேர அட்டவணையை மாற்றுதல், ஆய்வக நேரத்தை மாற்றக் கோருதல், சிறு பொருள்களை வாங்குதல் போன்றவற்றில் செவிலியர் கண்காணிப்பாளருக்கு முடிவெடுக்கும் அதிகாரமும் சிறு நிதியும் வழங்க வேண்டும். நான்காவதாக, பிழையை முன்வந்து சொல்பவருக்குப் பாதுகாப்பளிக்கும் தெளிவான ஆணை வேண்டும்; வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் முறைமையின் குறையால் நேர்ந்த பிழைக்கும் இடையே வேறுபாடு காண வேண்டும்.

ஐந்தாவதாக, மருத்துவமனையின் கொள்கை முடிவுகள் எடுக்கப்படும் மேசையில் செவிலியருக்கு இருக்கை வேண்டும். செவிலியருக்கெனத் தனி இயக்குநரகம் என்ற நீண்டநாள் கோரிக்கையை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். 1947-ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக, 2023-இல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. கல்வித் தரத்தை உயர்த்தும் அந்த முயற்சி, தலைமைப் பயிற்சியையும் தரவுப் பயிற்சியையும் பாடத்திட்டத்தின் மையத்தில் வைக்குமானால் நல்லது.

இதில் கல்லூரிகளுக்கும் பங்குண்டு. மதுரையில் புள்ளியியலும் பொருளாதாரமும் கற்பிக்கும் கல்லூரிகள் பல உள்ளன. முதுநிலை மாணவர்கள் எங்கோ கிடைக்கும் பழைய தரவை வைத்து ஆய்வேடு எழுதுகிறார்கள். வைகையின் மறுகரையில், வார்டு நோட்டுகளில், ஒருவரும் ஆராயாத தரவு தூங்கிக் கிடக்கிறது. நோயாளியின் அடையாளத்தைக் காத்து, மருத்துவமனையின் ஒப்புதலுடன், ஒரு மாணவரையும் ஒரு செவிலியரையும் ஒரே மேசையில் அமர்த்தினால் இருவருமே கற்பார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் காலை நடைக்குப் பின் மாதம் ஒரு நாளை இதற்குத் தரலாம். நானும் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

என் மனைவி இப்போது நலமாக நடக்கிறார். அந்த வார்டில் அதிகாலை நான்கு மணிக்கு முன்பாகவே கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் வந்தது அதற்கு ஒரு காரணம் என்று நம்புகிறேன். அந்தக் கை வந்தது கருணையால் மட்டுமன்று. ஓராண்டு எழுதப்பட்ட ஒரு நோட்டின் விளைவாகவும் வந்தது. செவிலியரின் கருணையைப் புகழ்ந்து ஆண்டுதோறும் மே 12-இல் விழா எடுக்கிறோம். அவர்கள் கையிலுள்ள நோட்டைத் திறந்து படிப்பதே அதைவிடப் பெரிய மரியாதையாக இருக்கும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), மதுரை.